சீனி வருத்தமும் கால் கழட்டுவதும்: இந்த 24 நாளில் எங்கே பிழைத்தோம்?

நிலஅளவை ராசன்:

போன வைகாசியில் அப்பாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே கழட்டிவிட்டார்கள். வயது 67. பதினான்கு வருஷமாகச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. ஆறுதல் கேட்டு இதை எழுதவில்லை. அதை வீட்டுக்கு வந்த சனம் வேண்டிய அளவு சொல்லிவிட்டது. நான் நில அளவையில் வேலை செய்கிறவன். எல்லை எந்தக் கல்லில் இருந்து விலகியது என்று தேடிப் பழகியவன். அதனால் அப்பாவின் கிளினிக் கொப்பி, பார்மசி பில்கள், அம்மாவின் ஞாபகம் மூன்றையும் வைத்து நாள் கணக்கு எழுதினேன்.

1ஆம் நாள். பாட்டாச் செருப்பின் வார் கழன்றுவிட்டது. அப்பா வழக்கம்போல அடியில் ஒரு சட்டைப்பின்னைக் குத்தி மாட்டிக்கொண்டு சந்தைக்குப் போனார். அந்தப் பின் திறந்துவிட்டது. மரக்கறி வாங்கி, வாசிகசாலையில் பேப்பர் பார்த்து, ஆறுதலாகத் திரும்பி வந்தார். சீமெந்து நிலத்தில் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாகக் கிடந்ததைக் கண்டு, "கோழி ஏதும் அடிபட்டதோ?" என்றுதான் அம்மா முதலில் கேட்டார். சட்டைப்பின் சின்ன விரலுக்குக் கீழே சதைக்குள் நின்றது. அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை.

2 முதல் 4 வரை மஞ்சளும் நல்லெண்ணெயும். 5ஆம் நாள் பார்மசியில் துண்டில்லாமல் வாங்கிய அன்டிபயோட்டிக். 9ஆம் நாள் ஒரு தனியார் டாக்டர் மருந்து கட்டி, "சீனியைக் குறையுங்கோ" என்றார். 12ஆம் நாள் மாதக் கிளினிக். அப்பா சப்பாத்து போட்டுக்கொண்டு போனார். ஏச்சு விழும் என்ற பயத்தில் காலைப் பற்றி வாய் திறக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அன்றைய பக்கம் இப்போது என் முன்னால் இருக்கிறது: சீனி அளவு, பிரஷர், மருந்து, அடுத்த திகதி. கால் என்ற சொல்லே இல்லை. 16ஆம் நாள் மணம் வந்தது. 17இல் அட்மிட். 19இல் இரண்டு விரல். 24இல் கால்.

எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று கேட்க வேண்டாம். பேர் சொல்லி ஒருவரைத் திட்ட இதைத் தொடங்கவில்லை. இதில் எந்த நாளில் மறித்திருக்கலாம்? வேறு ஊர்களில் எப்படி மறிக்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய சைக்கிள்:

தம்பி, கவலையாக இருக்கிறது. ஆனால் உண்மையைச் சொன்னால், சீனி வருத்தம் வந்த காலுக்கு இது எழுதி வைத்தது. என் பெரியப்பாவுக்கும் இப்படித்தான். முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்கால். எங்கள் பரம்பரை இரத்தம் அப்படி. பாணும் மாவும் தின்னத் தொடங்கியபோதே முடிந்துவிட்டது.

வார்ட் அக்கா:

ராசன் தம்பி, நான் சத்திரசிகிச்சை வார்டில் வேலை செய்து ஓய்வு பெற்ற தாதி. உங்கள் நாள் கணக்கை இரண்டு தரம் வாசித்தேன். எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. பின்னுக்குப் பதிலாக நெருஞ்சி முள், பனங்கருக்கு, புதுச் சப்பாத்துக் கடி, சுடுதண்ணிப் போத்தல் என்று மாறும். மற்றதெல்லாம் இதேதான். இரவில் எலி கடித்து, விடிந்த பிறகு இரத்தத்தைக் கண்டு வந்தவர்களும் உண்டு.

பழைய சைக்கிள் அண்ணை எழுதி வைத்தது என்கிறார். இல்லை அண்ணை. சீனி வருத்தக்காரருக்குக் கழட்டப்படும் கால்களில் ஏறக்குறைய 85 சதவீதம் முதலில் ஒரு சாதாரணப் புண்ணாகத்தான் இருந்திருக்கும். புண்ணுக்கும் வெட்டுக்கும் நடுவில் நாட்கள் இருக்கின்றன. ராசன் வீட்டில் 24.

உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். சீனி கூடிய இரத்தம் வருஷக்கணக்கில் நரம்பைக் கெடுக்கும். மிக நீளமான நரம்புதான் முதலில் போகும், அதனால் கால்விரல் நுனியில் தொடங்கும். எங்கள் சனம் "கால் விறைக்குது", "எரியுது", "பஞ்சில் நடப்பதுபோல" என்று சொல்வது இதைத்தான். எரிவு நின்றதும் சுகம் வந்துவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். பல பேருக்கு அது நரம்பு முற்றாகச் செத்துவிட்ட அறிகுறி. அதோடு இரத்தக் குழாய் ஒடுங்கும். சுருட்டு, சிகரெட் குடித்தவருக்கு இன்னும் கெதியாக. நோவு தெரியாத காலில் புண் வந்தால் அதே புண்ணை ஊன்றி நடந்துகொண்டே இருப்பார். நொண்டமாட்டார். உங்களுக்கும் எனக்கும் கல் குத்தினால் நொண்டுகிறோமே, அந்த நொண்டல்தான் பாதிப் புண்ணை ஆற்றுகிறது. அவருக்கு அது இல்லை. எத்தனை அன்டிபயோட்டிக் குடித்தாலும் அந்த இடத்தில் பாரம் விழுந்துகொண்டே இருந்தால் புண் மூடாது. அதனால்தான் பாரத்தை விலக்கும் கட்டு, விசேஷ செருப்பு, ஓய்வு எல்லாம்.

அப்பா கிளினிக்கில் வாய் திறக்கவில்லை என்றீர்கள். வேண்டுமென்று மறைத்ததாக நினைக்க வேண்டாம். நோகாத ஒன்றை வருத்தம் என்று நம்புவது மனிதருக்குக் கஷ்டம்.

கிளினிக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு டாக்டருக்கு முன்னால் ஒரு காலையில் அறுபது எழுபது கொப்பி அடுக்கியிருக்கும். ஒவ்வொருவரும் சப்பாத்துக் கழட்டி, சொக்ஸ் கழட்டி, திரும்பப் போட்டு வர நேரம் எங்கே? சாட்டுச் சொல்லவில்லை. இப்படித்தான் தவறிப்போகிறது.

ஹரோ வாசி:

லண்டனில் இருந்து. எனக்கும் 11 வருஷமாக இருக்கிறது. இங்கே வருஷத்துக்கு ஒருமுறை சொக்ஸ் கழட்டச் சொல்லி, நைலோன் நூல் ஒன்றால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பார்கள். நூல் வளையும்போது 10 கிராம் அழுத்தம். அது தெரியாவிட்டால் காலுக்குக் காவல் போய்விட்டது என்று அர்த்தம். புண் வந்தால் ஒரு வேலை நாளுக்குள் பாதச் சிகிச்சைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று 2015இல் வந்த வழிகாட்டி சொல்கிறது.

இப்ஸ்விச் என்ற நகரத்து ஆஸ்பத்திரியில் சீனி டாக்டர், சத்திரசிகிச்சை நிபுணர், பாதச் சிகிச்சையாளர், தாதி எல்லோரையும் ஒரே அறையில் கூட்டி வேலை செய்தார்கள். 11 வருஷத்தில் பெரிய கால் கழட்டல்கள் 62 சதவீதம் குறைந்தன. புது மருந்து ஒன்றும் இல்லை. ஆட்களை ஒரு மேசைக்குக் கொண்டுவந்ததுதான். யாழ்ப்பாணத்தில் ஏன் முடியாது?

பழைய சைக்கிள்:

அங்கே காசு இருக்கிறது அண்ணை. இங்கே 2022இல் மருந்துக்கே அலைந்த சனம் நாங்கள். ஒரு அட்டை மெட்போமினுக்கு மூன்று பார்மசி ஏறி இறங்கினேன்.

எண்கணக்கு:

சமுதாய மருத்துவம் படிக்கிறவன் என்ற முறையில் நானும் கொஞ்சம் கதைக்கலாமா?

காசு மட்டும் காரணம் என்றால் இங்கிலாந்துக்குள் எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். 2012இல் வந்த ஆய்வு ஒன்றில், அதே நாடு, அதே இலவச வைத்தியம், ஆனால் பகுதிக்குப் பகுதி கால் கழட்டும் வீதம் பத்து மடங்கு வரை வித்தியாசப்பட்டது. ஆட்களின் இரத்தம் பத்து மடங்கு மாறாது. நடக்கும் முறைதான் மாறுகிறது. இரத்தம் என்று சொன்ன அண்ணைக்கு இன்னொன்று: அங்கே வாழும் தெற்காசியருக்கு, சீனி வருத்தம் கூட இருந்தும், கால் கழட்டும் வீதம் வெள்ளைக்காரரைவிடக் குறைவு. பரம்பரை எங்களுக்குச் சீனியைத் தந்திருக்கலாம். வாளைத் தரவில்லை.

இலங்கை முழுவதுக்குமாக 2018-19இல் செய்த ஆய்வில் பெரியவர்களில் ஏறக்குறைய 23 சதவீதம் பேருக்குச் சீனி வருத்தம். நாலு பேரில் ஒருவர் என்று வையுங்கள். ஆக, இது ஒரு வீட்டுக் கதை அல்ல.

இனி எனக்குப் பிடித்த தலையிடி: எண்ணுவது. "யாழ்ப்பாணத்தில் வருஷத்துக்கு எத்தனை கால்?" என்று பத்திரிகைக்காரர் கேட்பார்கள். சத்திரசிகிச்சைத் தியேட்டர் பதிவுப் புத்தகத்தைப் பார்த்து ஒரு தொகை சொல்லலாம். ஆனால் அந்தத் தொகைக்கு என்ன அர்த்தம்? ஒருவருக்கே தை மாதம் விரல், பங்குனியில் பாதம், வைகாசியில் கால் போனால் அது மூன்றா, ஒன்றா? வடக்கில் இருக்கும் போதனா வைத்தியசாலை யாழ்ப்பாணத்தில் உள்ள ஒன்றுதான். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னாரில் இருந்தும் வருவார்கள், அவர்களை எந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பது? சீனி வருத்தக்காரர் தொகை கூடியதால் கால் கழட்டல் கூடியதா, கவனிப்பு மோசமானதாலா? எத்தனை சீனி வருத்தக்காரரில் என்று கீழே போடும் எண் தெரியாமல் மேலே உள்ள எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. விரல் வெட்டு கூடி, கால் வெட்டு குறைந்தால் அது நல்ல செய்தியாகவும் இருக்கலாம். நேரத்தோடு விரலை எடுத்துக் காலைக் காப்பாற்றியிருப்பார்கள். இப்ஸ்விச்சில் இந்தக் கணக்கை வருஷக்கணக்காகப் பொறுமையாக வைத்திருந்ததால்தான் 62 சதவீதம் என்று சொல்ல முடிந்தது.

1989இல் ஐரோப்பிய நாடுகள் இத்தாலியில் சென் வின்சென்ட் என்ற ஊரில் கூடி, ஐந்து வருஷத்தில் சீனியால் வரும் கால் கழட்டல்களைப் பாதியாக்குவோம் என்று அறிவித்தன. பல இடங்களில் ஐந்து வருஷத்தின் பிறகுதான் தெரிந்தது, தொடங்கிய வருஷத்தின் எண்ணே கையில் இல்லை என்று.

மருதனார்மட மருமகள்:

எண்ணுவதெல்லாம் சரி. என்னைப் போல வீட்டில் இருப்பவள் இன்றைக்கு என்ன செய்வது? எங்களுக்கு வெங்காயத் தோட்டம். மாமிக்கு 71 வயது, சீனி வருத்தம். செம்மண்ணுக்குள் வெறுங்காலோடுதான் நிற்பார். செருப்பு போட்டால் மண் பிடிக்காதாம். அந்த நைலோன் நூலுக்கு நான் எங்கே போக?

வார்ட் அக்கா:

நூல் தேவையில்லை பிள்ளை. விரலால் தொட்டுப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. அதுவும் ஹரோ அண்ணை சொன்ன இப்ஸ்விச்சில் வந்ததுதான். மாமியைக் கண் மூடச் சொல்லுங்கோ. சுட்டுவிரல் நுனியால் மெல்லத் தொடுங்கோ, ஒரு நொடி, இரண்டு நொடி. தட்டக்கூடாது, அமத்தக்கூடாது, தடவக்கூடாது. வலது பெருவிரல், வலது சின்ன விரல், இடது பெருவிரல், இடது சின்ன விரல், பிறகு வலது நடுவிரல், இடது நடுவிரல். ஒரு விரலை ஒருமுறைதான். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் கிளினிக்குக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். பிறகு இரண்டு உள்ளங்காலையும் வெளிச்சத்தில் பாருங்கோ. விரல் இடுக்குகளையும்.

மட்டுறுத்துநர்:

ஆறாத புண்ணுக்கு எண்ணெய் என்று தொலைபேசி இலக்கத்தோடு வந்த பதிவை நீக்கியிருக்கிறேன். அதே ஆள், இரண்டாவது தடவை. மூன்றாவதற்குக் கணக்கு மூடப்படும்.

மருதனார்மட மருமகள்:

செய்தேன். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, விறாந்தையில் கதிரை போட்டு, மாமியின் காலை ஒரு முக்காலியில் வைத்து. அவருக்குச் சிரிப்பு. "கால் தொட்டுக் கும்பிடப் போறியோ?" என்றார்.

கண் மூடினார். வலது பெருவிரல், "ம்". வலது சின்ன விரல், சத்தமே இல்லை. இடது பெருவிரல், "ம்". இடது சின்ன விரல், இல்லை. வலது நடுவிரலைத் தொட்டேன். இடது நடுவிரலையும் தொட்டு முடித்துவிட்டுக் கையை எடுத்தேன். கொஞ்ச நேரம் பொறுத்து, கண் மூடியபடியே, "ஏன் பிள்ளை, இன்னும் தொடங்கேல்லையோ?" என்று கேட்டார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. டோர்ச் அடித்துப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே தடித்த காய்ப்பு, அதன் நடுவில் கறுப்பாகப் புளியங்கொட்டை அளவில் ஒரு இடம். மாமா பழைய பிளேட்டால் மாதம் ஒருமுறை சீவி விடுவாராம். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது.

வார்ட் அக்கா:

பிளேட்டை எறியுங்கோ. காய்ப்புக்குள் கறுப்பு என்றால் உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது. மேலே தோல் மூடி இருந்தாலும் அடியில் புண் தொடங்கியிருக்கலாம். நாளைக்கே காட்டுங்கோ, மாதக் கிளினிக்குக்குக் காத்திருக்க வேண்டாம். பார்மசியில் விற்கும் கால் ஆணிப் பிளாஸ்டரும் ஒட்ட வேண்டாம், அதில் அமிலம். சுடுதண்ணியில் உப்புப் போட்டுக் கால் வைப்பதும் வேண்டாம். சூடு தெரியாத கால் அவிந்துவிடும். தோட்டத்துக்குச் செருப்பு, வீட்டுக்குள்ளும் செருப்பு. போட முன்னம் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும்.

தெல்லிப்பளைத் தம்பி:

வீட்டுக்குள் செருப்பா? அம்மா சாமியறையைச் சொல்லியே வீட்டை விட்டுத் துரத்திவிடுவார். அதோடு நல்லூர்த் திருவிழா 25 நாளும் என்ன செய்வது? வீதி மணலில் வெறுங்கால்தான். பிரதட்டை செய்கிறவர்களின் பின்னால் மத்தியான வெயிலில் நடந்து பார்த்தவனுக்குத் தெரியும் அந்தச் சூடு. சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்கு நடக்கிற அடியார்களை நினைத்துப் பாருங்கள்.

வார்ட் அக்கா:

திருவிழா மாதத்தில் உள்ளங்கால் முழுக்கக் கொப்பளத்தோடு வார்டுக்கு வந்தவர்களை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். "சூடு தெரியேல்லை, முருகன்ரை அருள்" என்று ஒரு ஐயா சொன்னார். அவருடைய நரம்பு போய்ப் பத்து வருஷம் இருக்கும். நான் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வது?

நானும் கோயிலுக்குப் போகிறவள்தான். விறைப்பு உள்ளவர் விடியக் காலைப் பூசைக்குப் போகலாம், பின்னேரம் மணல் ஆறிய பிறகு போகலாம். தடித்த சொக்ஸ் போட்டால் யாரும் மறிக்கப்போவதில்லை. வந்ததும் காலைக் கழுவித் துடைத்துப் பார்க்கலாம். வீட்டுக்குள்ளுக்கு ஒரு புதுச் சோடியை வெளியே கொண்டுபோகாமல் வைத்திருந்தால் சாமியறைச் சண்டை பாதி குறையும்.

பழைய சைக்கிள்:

அப்படியென்றால் ஊர் ஊராக விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தால் சரிதானே. வாசிகசாலையில் ஒரு டாக்டரைக் கூப்பிட்டு, பிளேன்டீயும் ரோல்ஸும் கொடுத்து.

எண்கணக்கு:

அண்ணை கோபிக்கக்கூடாது, அந்தக் கூட்டத்தின் மேல்தான் எனக்கு நம்பிக்கை குறைவு. 2014இல் கொக்ரேன் குழு இந்த வகைக் கல்வியைச் சோதித்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. கொஞ்சக் காலத்துக்கு அறிவு கூடுகிறது. புண்ணோ கால் கழட்டலோ குறைகிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. சென்னையில் எம்.வி. நீரிழிவு மருத்துவமனை 2005இல் வெளியிட்ட ஆய்வில், பாதம் பற்றிச் சொன்னதை ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்களுக்குப் புதிய பிரச்சினை வெகு குறைவு. ஆனால் சொன்னதைக் கேட்டு நடப்பவர் மருந்தையும் ஒழுங்காகக் குடிப்பார், நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்கும் வருவார். எது காலைக் காத்தது என்று பிரித்தெடுப்பது லேசில்லை.

ராசனின் அப்பாவுக்கு அறிவுரை குறைவா? பதினான்கு வருஷம் கிளினிக் போனவர். துண்டுப் பிரசுரம் எத்தனை வாங்கியிருப்பார்? அதில் "புற நரம்புச் சிதைவு" என்று இருந்திருக்கும். "விறைப்பு" என்று எழுதியிருந்தால் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று விளங்கியிருக்கும். 150 வருஷத்துக்கு முன்னமே மானிப்பாயில் டாக்டர் கிறீன் தமிழில் வைத்தியம் படிப்பித்த ஊர் இது. நந்தி என்ற பெயரில் கதை எழுதிய பேராசிரியர் சிவஞானசுந்தரம் சமுதாய மருத்துவம் கற்பித்த ஊரும் இதுதான். இன்னும் துண்டுப் பிரசுரத்தில் அகராதித் தமிழ்.

என் அபிப்பிராயம் இது. கூட்டம் வைக்கும் நேரத்தில் கிளினிக் வாங்கில் இருப்பவர்களின் சப்பாத்தைக் கழட்டிப் பார்க்கலாம். விடிய ஆறு மணிக்கு நம்பர் எடுத்துவிட்டு மூன்று மணித்தியாலம் சும்மா இருக்கிறார்கள். ஆறு விரல் தொட ஒரு நிமிஷம், உள்ளங்கால் பார்க்க ஒரு நிமிஷம். டாக்டர் தேவையில்லை, பழக்கிய தாதியோ மாணவரோ போதும். உணர்வும் நாடியும் சரியாக இருப்பவருக்கு வருஷத்துக்கு ஒருமுறை காணும். உணர்வோ நாடியோ ஒன்று குறைந்தால் ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள். இரண்டும் குறைந்தாலோ, ஒன்று குறைந்து பாதமும் கோணியிருந்தாலோ மூன்று முதல் ஆறு மாதத்துக்குள். முன்னம் புண் வந்தவர், ஏற்கனவே ஒரு வெட்டு நடந்தவர் என்றால் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள். உலக வழிகாட்டி சொல்வது இந்தக் கணக்கைத்தான். எல்லோரையும் எல்லா மாதமும் பார்க்க வேண்டியதில்லை என்பதால் சன நெரிசலுக்குப் பயப்படவும் தேவையில்லை.

ஆராய்ச்சி என்றால் பெரிய இயந்திரம் என்று நினைக்காதீர்கள். ராசன் எழுதிய நாள் கணக்கே ஆராய்ச்சியின் முதல் பக்கம். புண்ணோடு வார்டுக்கு வரும் ஒவ்வொருவரிடமும் நாலு கேள்வி: புண் எப்போது கண்டீர்கள், முதலில் யாரிடம் காட்டினீர்கள், இங்கே எப்போது வந்தீர்கள், போன ஒரு வருஷத்தில் யாராவது உங்கள் காலைத் தொட்டுப் பார்த்தார்களா? நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நோயாளியின் சம்மதமும் எடுத்து ஆறு மாதம் கேட்டால், நாட்கள் வீட்டில் போகின்றனவா, பார்மசியில் போகின்றனவா, எங்கள் கிளினிக்கிலேயே போகின்றனவா என்று தெரிந்துவிடும். வீட்டில் என்றால் ஒரு மருந்து, கிளினிக்கில் என்றால் வேறு மருந்து. இப்போது எங்கே கசிகிறது என்று தெரியாமல் கூரை முழுக்கத் தார் பூசுகிறோம்.

நிலஅளவை ராசன்:

அப்பாவின் 24 நாளையும் அதில் சேர்க்க முடிந்தால் சேருங்கள். அவரிடம் கேட்டேன். "பேர் போடாட்டில் சரி" என்றார்.

கால் செய்கிறவன்:

நான் செயற்கைக் கால் செய்யும் வேலையில் இருக்கிறேன். சேர்ந்த காலத்தில் கால் கேட்டு வந்தவர்கள் மிதிவெடிக்காரர், ஷெல்காரர். பெரும்பாலும் இளம் ஆட்கள். இப்போது வரும் முகங்கள் வேறு. ஓய்வு பெற்ற வாத்தியார், தோட்டக்காரர், பேரப்பிள்ளை கையைப் பிடித்து வரும் அம்மம்மா. இளம் ஆள் மூன்றாம் நாள் சைக்கிள் ஓட்டக் கேட்பான். இவர்களுக்கு மற்றக் காலும் பலமில்லை, கண்ணும் மங்கல்.

வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் கதை எங்கள் பயிற்சியில் சொன்னார்கள். போல் பிராண்ட், 1946இல் வேலூருக்கு வந்து குஷ்டரோகிகளைப் பார்த்தவர். விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்று எல்லோரும் நம்பிய காலம். அவர் கிட்ட இருந்து பார்த்தார். சதை நல்ல சதைதான். நோவு தெரியாததால் அவர்களே சுட்டும் வெட்டியும் தேய்த்தும் அழிக்கிறார்கள். மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு அந்தக் கால்களுக்காக வேலூரில் வளர்த்தெடுத்ததுதான். பிறகு அவர் அமெரிக்கா போய், அதே பாடத்தைச் சீனி வருத்தக் கால்களுக்கும் சொன்னார். நாங்கள் இப்போது புதிதாகக் கண்டுபிடித்ததுபோலக் கதைக்கிறோம்.

ராசன் தம்பி, ஒன்று கேட்கலாமா? இந்த இழை முழுக்க வலது காலைப் பற்றித்தான் இருக்கிறது. அப்பாவின் இடது காலை யாராவது பார்த்தீர்களா? ஊன்றுகோலோடு நடக்கும்போது முழுப் பாரமும் அதில்தான். ஒரு கால் போனவருக்கு அடுத்தது போகும் ஆபத்து மிகக் கூட. பல நாட்டு ஆய்வுகளில், இப்படிக் கால் இழந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஐந்து வருஷம் தாண்டுவதில்லை. பயமுறுத்தச் சொல்லவில்லை.

நிலஅளவை ராசன்:

இதை வாசித்தபோது பஸ்ஸில் இருந்தேன். வீட்டுக்குப் போனதும் கை கழுவிவிட்டு நேரே அப்பாவிடம் போனேன்.

உண்மையைச் சொல்கிறேன், மூன்று மாதமாக எல்லோரும் வெட்டிய இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். தையல் காய்ந்ததா, வீக்கம் வற்றியதா என்று. இடது காலை ஒருவரும் தூக்கிப் பார்க்கவில்லை. குதியில் ஒரு வெடிப்பு, ஒரு அங்குலம் இருக்கும். விளிம்பு காய்ந்து தடித்து, நடுவில் சிவப்பு ஈரம். ஆறு விரல் சோதனையை மூன்று விரலில் செய்தேன். மூன்றும் தெரியவில்லை.

மருதனார்மட மருமகள்:

ராசன் அண்ணா, உடனே காட்டுங்கள். மாமிக்குக் காய்ப்பைச் சீவி எடுத்தபோது அடியில் சின்னப் புண் இருந்தது. நேரத்தோடு வந்தீர்கள் என்றார்கள். கிழமைக்கு இரண்டு கட்டு, காலுக்குக் கீழே பஞ்சு வைத்த செருப்பு. தோட்டத்துக்குப் போக விடவில்லை என்று என்னோடு கதைக்கிறார் இல்லை.

நிலஅளவை ராசன்:

அடுத்த நாளே போனோம். கிளினிக் நாள் இல்லை என்று வாசலில் சொன்னார்கள். நான் கொப்பியைத் திறந்து, "இந்தக் கால் போனால் அப்பாவுக்கு வேறு கால் இல்லை" என்று மட்டும் சொன்னேன். சத்தம் போடவில்லை. ஒரு இளம் டாக்டர் வந்து பார்த்தார். நாடி பிடித்தார், பாதத்தின் மேலும் கணுக்காலின் உள்பக்கமும். ஓட்டம் இருக்கிறதாம். வெடிப்பின் விளிம்பைச் சீவி, மருந்து கட்டி, குதியில் பாரம் விழாதபடி எப்படி உட்கார வேண்டும், படுக்கும்போது தலகாணியை எங்கே வைக்க வேண்டும் என்று அம்மாவுக்குக் காட்டினார். கொப்பியில் எழுதினார்: இடது குதி, வெடிப்பு, 2 செ.மீ., கிழமை பார்க்கவும். பதினான்கு வருஷக் கொப்பியில் காலைப் பற்றி வந்த முதல் வரி.

இன்றைக்கு மூன்றாவது கிழமை. 2 செ.மீ. அரை செ.மீ. ஆகியிருக்கிறது. நான் நில அளவைக்காரன், கோல் வைத்து அளந்துதான் சொல்கிறேன்.

வரும் வழியில் எம்.சி.ஆர். செருப்பு வாங்கினோம். அப்பா கடைக்காரனிடம், "எனக்கு ஒரு கால்தான் தம்பி, பாதி விலைக்குத் தருவியோ?" என்று கேட்டார். கடைக்காரன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றான். மூன்று மாதத்தில் அப்பா விட்ட முதல் பகிடி. சோடியாகத்தான் தந்தான். வலதை என்ன செய்வது என்று அம்மா கேட்கிறார்.

கால் செய்கிறவன்:

எறிய வேண்டாம் என்று சொல்லுங்கோ. அளவு எடுக்க வரும்போது இரண்டையும் கொண்டு வாருங்கோ. செருப்பின் குதி உயரம் பார்த்துத்தான் காலை நிமிர்த்துவோம்.